இன்னொரு சந்திரசேகர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

சந்திரசேகர் என்ற பெயரைக் கேட்டதும் அறிவியல் மாணவர்களாகிய நம் நினைவுக்கு வருபவர், வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு எல்லை வகுத்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அவரை உலகம் நன்கறியும். ஆனால் அவர் படித்த அதே சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அவரைப் போலவே அமெரிக்க நாடு சென்று புகழ் பெற்ற இன்னொரு சந்திரசேகரும் உண்டு. இவர் எண்ணியது விண்மீன்களை அல்ல, மனிதர்களை. நம் கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் துணைவேந்தர் பொறுப்பை வகித்த பெருமகனார் இவர். டாக்டர் ஸ்ரீபதி சந்திரசேகர் என்பது இவருடைய முழுப் பெயர்.

இவருடைய வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. கிராமத்து ஆண்களின் இனப்பெருக்க நலம் பற்றி அறிவதற்கு வினாநிரல் ஒன்றை உருவாக்கும் பணியில் எங்கள் வகுப்பு மாணவர் ஐவர் ஈடுபட்டோம். கேள்வி எழுதுவதற்கு முன், இதே கேள்விகளை இந்த மண்ணில் முன்பு கேட்டவர் யார் என்று பாருங்கள் என்றார் எங்கள் பேராசிரியர். தேடியபோது கிடைத்த பெயர்தான் இது.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ராஜமுந்திரியில் 1918 நவம்பரில் பிறந்தார் ஸ்ரீபதி சந்திரசேகர். அந்த ஆண்டை வரலாறு எளிதில் மறக்காது. இன்ஃப்ளுயன்சா என்னும் விஷக்காய்ச்சல் இந்தியா முழுவதும் உயிர்களை வாரிக்கொண்டு போன ஆண்டு அது. 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் இந்திய மக்கள்தொகை கூடுவதற்குப் பதிலாகச் சற்றே குறைந்தது. கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படிக் குறைந்தது அந்த ஒரு முறைதான். மக்கள் பெருக்கத்தைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசிய ஒருவர், மக்கள்தொகை சுருங்கிய காலத்தில் பிறந்தார் என்பது வியப்பே!

அவர் மாணவராயிருந்த 1930களில் கருத்தடை என்பது வீட்டிலும் வெளியிலும் வாய்விட்டுச் சொல்லக் கூசிய சொல். ஆயினும் தமிழகத்தில் அந்தப் பேச்சு அப்போதே தொடங்கிவிட்டது. பெண்ணின் விடுதலைக்குக் கருத்தடை இன்றியமையாதது என்று தந்தை பெரியார் மேடைதோறும் முழங்கிக் கொண்டிருந்தார். அமெரிக்காவில் கருத்தடை இயக்கத்தைத் தொடங்கிச் சிறை சென்ற மார்கரெட் சாங்கர் அம்மையார் 1935-36-ல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். பிற்காலத்தில் இந்த அம்மையாரும் சந்திரசேகரும் நெருங்கிய நண்பர்களாயினர்.

சந்திரசேகர் அமெரிக்கா சென்று, 1944-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இந்திய மக்கள்தொகை பற்றிய அவருடைய நூல் 1946-லேயே வெளிவந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு! பின்னர் பாரிசில் யுனெஸ்கோ நிறுவனத்திலும், பரோடா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

கிராமத்தை நோக்கி

சென்னைக்குத் திரும்பிய அவர், இந்திய மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தை நிறுவி நடத்தினார். 1957-ல் ஆராய்ச்சி இதழ் ஒன்றையும் தொடங்கினார். அவருடைய வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். 1952-ல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்றுக்கொண்டது. உலகில் முதன்முதலில் அவ்வாறு செய்த நாடு நம் நாடே. சென்னை அரசோ 1956-ல், அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் உதவித்தொகை தர முன்வந்தது. திட்டம் இருந்தது, பணமும் இருந்தது. ஆனால் மக்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர் யார்?

அதை அறியச் சந்திரசேகரின் ஆய்வு சென்னைக்கு அருகிலுள்ள மாங்காடு கிராமத்துக்குச் சென்றது. குடும்பத்தை அளவோடு வைத்துக்கொள்ள மக்கள் விரும்புவது எதனால், எந்த முறையை அவர்கள் ஏற்கிறார்கள் என்பவற்றை ஆராய்ந்த அந்தக் கட்டுரை 1959-ல் வெளிவந்தது. அதே ஆண்டில் இந்தியக் குழந்தைகளின் இறப்பு விகிதம் பற்றிய அவருடைய நூலும் வந்தது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற உறுதி இல்லாத தாய் தந்தையர் மேலும் மேலும் பெற்றுக்கொள்வதில் வியப்பில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். மக்களை அறிவிலிகள் என்று ஏசாமல், அவர்கள் செய்கைக்குப் பின்னுள்ள காரணத்தைத் தேடிய நல்ல ஆசிரியரை இங்கே காண்கிறோம்.

அமைச்சர் பதவி

1964-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1967-ல் இந்திரா காந்தி அம்மையார் அவரை மத்திய சுகாதார, குடும்பக் கட்டுப்பாட்டு அமைச்சராக்கினார். 1970 வரை அப்பணியில் இருந்தார்.

அந்த மூன்றாண்டுகளில் நடந்தவை பல. சுவர்தோறும் சிவப்பு முக்கோணம் எழுந்தது. 1968-ல் நிரோத் ஆணுறை, மூன்று 15 காசு என்ற விலையில் பெட்டிக்கடை வரை வந்தது. தேயிலையும் சோப்பும் விற்ற பெரிய நிறுவனங்களே அதைக் கடைகளுக்குக் கொண்டு சேர்த்தன. 1971-ல் நிறைவேறிய மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்துக்கான அடிப்படை வேலைகளும் அவர் காலத்தில் நடந்தன. 1967-68-ல் மட்டும் நாட்டில் ஏறத்தாழ 18 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆண்கள்! இன்று இதைப் படிக்கும் எவரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் அமைச்சர் நாற்காலி வேறு, ஆராய்ச்சியாளர் நாற்காலி வேறு. அறுவை செய்துகொள்வோருக்கு டிரான்சிஸ்டர் ரேடியோ பரிசளிக்கலாம் என்ற யோசனை அவருடைய அமைச்சகத்திலிருந்து வந்தது. 1967-ல் அதற்கும் ஒரு படி மேலே சென்று, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளின் தந்தையருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அது சட்டமாகவில்லை. மாங்காட்டில் மக்களின் விருப்பத்தை அறிய முயன்ற அதே அறிஞர், டில்லியில் அந்த விருப்பத்தை ஒதுக்கிவைக்கவும் துணிந்தார். நாட்டின் பட்டினி அவரை அவசரப்படுத்தியது. 1965-க்கும் 1967-க்கும் இடையில் பீகாரில் வறட்சி தாண்டவமாடியதையும், நாம் அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்து நின்றதையும் எண்ணினால் அந்த அவசரம் புரிகிறது. புரிகிறது என்பதால் அது சரியாகிவிடாது.

அண்ணாமலைநகரில்

1970களின் நடுவில் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அன்று கடலூரும் சிதம்பரமும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் நாட்டில் நெருக்கடி நிலை நிலவியது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 82 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களில் சுமார் 62 லட்சம் பேர் ஆண்கள். வட மாநிலங்களில் ஆசிரியருக்கும் காவலருக்கும் கணக்கு நிர்ணயிக்கப்பட்டு, ஆள் பிடிக்கும் வேலையாக அது மாறியது. அப்போது சந்திரசேகர் அமைச்சரல்லர்; அந்தக் கொடுமைகளுக்கு அவர் பொறுப்பாளியும் அல்லர். எனினும் கட்டாயம் என்ற சொல்லை 1967-ல் அமைச்சராயிருந்து உச்சரித்தவர் அவர் என்பதை வரலாறு குறித்தே வைத்திருக்கிறது.

1977 தேர்தலில் மக்கள் தீர்ப்பு வந்தது. குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரே குடும்ப நலம் என்று மாற்றப்பட்டது. ஆண்களை அணுகவே அரசுகள் அஞ்சின. சுமை முழுவதும் பெண்ணின் வயிற்றின்மேல் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்டவர் 1000-க்கு மூவர்! கருத்தடை பெண்களின் வேலை, ஆணுக்கு அதில் கவலை வேண்டாம் என்று அதே ஆய்வில் ஒப்புக்கொண்ட ஆண்கள் 100-க்கு 35 பேர்.

இந்த எண்கள் எனக்கு வெறும் எண்கள் அல்ல. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தம்பி பிறந்ததும் அம்மா ஆபரேஷன் செய்துகொண்டார். சில நாட்களிலேயே தண்ணீர்க் குடம் தூக்கினார். அப்பா கொத்தனார். ஆண்கள் அறுவை செய்துகொண்டால் சாரம் ஏற முடியாது, பாரம் தூக்க முடியாது என்பது அவர் வேலைத்தளத்தில் எல்லாரும் நம்பும் செய்தி. விந்துக் குழாயை மட்டும் கட்டுவதால் ஹார்மோன் சுரப்போ உடல் வலிவோ குறைவதில்லை என்று நாங்கள் வகுப்பில் படிக்கிறோம். பெண்களுக்கான அறுவையைவிட அது எளிது. தழும்பில்லா முறையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சுமார் மூன்று மாதம் வரை மட்டும் வேறு பாதுகாப்பு தேவை. இவற்றை அப்பாவிடம் எவரும் சொன்னதில்லை. அதைவிட முக்கியம், அவருடைய அச்சம் என்ன என்று எவரும் அவரிடம் கேட்டதும் இல்லை.

கேட்பதும் ஒரு கலை

ஆண்களைக் கேட்காதது அப்பா ஒருவரின் கதையல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வு 1992-93-ல் தொடங்கியபோது திருமணமான பெண்களிடம் மட்டுமே கேள்விகள் கேட்கப்பட்டன. நாடு முழுவதும் ஆண்களிடம் தனி வினாநிரலுடன் சென்றது 2005-06-ல் நடந்த மூன்றாம் ஆய்வில்தான். அதாவது, லட்சக்கணக்கான ஆண்களை அறுவை மேசையில் படுக்கவைத்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து!

கேட்டால் மட்டும் போதுமா? போதாது. பஞ்சாபில் 1950களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் கன்னா ஆய்வு என்ற பெரிய ஆய்வை நடத்தினர். கருத்தடை மாத்திரையைக் கிராம மக்கள் மறுக்காமல் வாங்கிக்கொண்டனர், கேட்டபோது தலையாட்டினர், ஆனால் பலர் அதைப் பயன்படுத்தவில்லை. வீடு தேடி வந்தவர் மனம் நோகக்கூடாதே என்ற மரியாதைதான் காரணம் என்பதைப் பின்னால் அந்த ஊருக்குச் சென்ற மஹ்மூத் மம்தானி தம் 1972-ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். உழவனுக்கு உழைக்கும் கைகள் தேவைப்பட்டன. வினாநிரலில் அதைச் சொல்ல இடமே இல்லை.

எங்கள் வினாநிரலுக்கு இவை பாடமாயின. அறிந்தது, நினைப்பது, செய்வது ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். அறிந்தவரெல்லாம் செய்பவர் அல்லர். மருத்துவரும் சமூகவியலாரும் ஒவ்வொரு கேள்வியையும் தேவையா, தெளிவா என்று மதிப்பிட வேண்டும். பாடநூல் சொல்லுக்குப் பதில் தேவனாம்பட்டினத்து மீனவருக்கும் பண்ருட்டி முந்திரித் தோப்புத் தொழிலாளிக்கும் பழகிய சொல் வேண்டும். விந்துக் குழாய் அறுவை என்றால் விழிப்பவர், ஆம்பளை ஆபரேஷன் என்றால் உடனே புரிந்துகொள்கிறார். கூச்சமான கேள்வி கடைசியில் வர வேண்டும். சிறு குழுவிடம் சோதித்து, ஒரே பொருளைத் தொடும் விடைகள் ஒன்றோடொன்று இணங்குகின்றனவா என்று, கிரான்பாக் 1951-ல் வகுத்த ஆல்ஃபா அளவையால் பார்க்க வேண்டும்; 0.7-க்கு மேல் இருந்தால் நன்று என்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் எழுதக்கூடாது. விடை சொல்ல மறுக்கும் உரிமையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முடிவுரை

டாக்டர் ஸ்ரீபதி சந்திரசேகர் 2001 ஜூன் 14 அன்று அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் காலமானார். சொல்லக் கூசியதைச் சொல்லத் துணிந்தவர். தாயின் நலமும் சேயின் உயிரும் நாட்டின் வளமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று காட்டியவர். அந்தப் பெருமை என்றும் அவருக்கு உரியது. அவர் கிராமத்தில் ஆராய்ச்சியாளராக நின்ற நாட்கள் நமக்கு வழிகாட்டி. டில்லியில் கட்டாயம் பேசிய நாட்கள் நமக்கு எச்சரிக்கை.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரிக்கு வருபவர்களில் பலர் கிராமத்துப் பிள்ளைகள். வெளியூர் ஆய்வாளர் கேட்க முடியாததை நம் ஊர்த் திண்ணையில் நாம் கேட்க முடியும். ஆணுக்கும் அச்சம் உண்டு, அறியாமை உண்டு, அக்கறையும் உண்டு. எங்கள் வினாநிரலின் கடைசிக் கேள்வி மிக எளியது: இதைப் பற்றி இதற்கு முன் யாராவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா? இல்லை என்ற விடை ஒவ்வோர் ஆண்டும் குறைந்து வருமானால், அதுவே அந்த அறிஞருக்கு நாம் செலுத்தும் நன்றிக் கடன்.