ரோடு ட்ரிப் லிஸ்ட்டும் மா. கிருஷ்ணனும்

கடைசி செமஸ்டர் முடிஞ்சதும் ஒரு பெரிய ரோடு ட்ரிப். ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தே எங்க கேங் போட்டு வச்சிருக்கிற பிளான் இது. அஞ்சு பேர், ஒரு கார், பன்னிரண்டு நாள். கிளம்புற இடம் எங்க ஊர் ஆத்தூர். (சேலம் பக்கத்து ஆத்தூர் இல்லைங்க. திண்டுக்கல் ஆத்தூர், காமராஜர் அணை இருக்கிற ஊர். நாலு வருஷமா இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.)

தேசியப் பூங்காக்கள் மட்டும்தான்னு முடிவு பண்ணி லிஸ்ட் எழுதினோம். பெரியாறு, எரவிகுளம், ஆனைமலை, சைலண்ட் வேலி, முக்குருத்தி, முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, குத்ரேமுக். மொத்தம் ஒன்பது. மேப்ல போட்டுப் பார்த்தா பாதி ட்ரிப் காருக்குள்ளேயே முடிஞ்சிடும். எதை வெட்டுறதுன்னு ஆரம்பிச்ச சண்டை ஒரு வாரம் ஓடுச்சு. ஒருத்தனுக்குப் புலி தெரியணும், ஒருத்தனுக்கு ரீல்ஸுக்கு நல்ல மேகம் வேணும்.

இந்தச் சண்டைக்கு நடுவுலதான் லைப்ரரியில் மழைக்காலமும் குயிலோசையும் என்ற புத்தகம் கையில் கிடைச்சது. மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவன் நான். தமிழ் எனக்கு மார்க் வாங்குற ஒரு பாடம், அவ்வளவுதான். ஒரு பக்கம் படிக்க முதல் நாள் கால் மணி நேரம் ஆச்சு. ஆனாலும் கீழே வைக்க முடியல. யார் இந்த ஆள்னு தேட ஆரம்பிச்சேன்.

கிருஷ்ணன் பிறந்தது 1912 ஜூன் 30, திருநெல்வேலியில். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. அப்பா அ. மாதவையா. பத்மாவதி சரித்திரம் எழுதியவர் யார்னு ஒரு மார்க் கேள்விக்குப் படிச்சிருப்போமே, அவரேதான். மாதவையா உப்பு இலாகாவில் அரசு அதிகாரி. அந்த வேலையை விட்டு வெளியே வந்து பஞ்சாமிர்தம் என்ற பத்திரிகையை நடத்தினார். 1925 அக்டோபரில், மெட்ராஸ் யுனிவர்சிட்டியின் செனட் ஹவுஸில், பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கணும்னு பேசினார். பேசி முடிச்ச கொஞ்ச நேரத்தில் அங்கேயே உயிர் போயிடுச்சு. அப்போ கிருஷ்ணனுக்கு வயசு 13.

குடும்பம் இருந்தது மயிலாப்பூரில். இப்போ அங்கே ஆட்டோ திரும்பவே இடம் இல்லை. அன்னைக்கு அது புதர்க்காடு. நரி திரியும், வெளிமான் மேயும், பறவைகளுக்குக் குறைவே இல்லை. பதினோரு வயசில் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளை வளர்த்தார். நாய்க்குட்டி கேட்டதுக்கே எங்க வீட்டில் நடந்த ரகளையை நினைச்சுப் பார்த்துக்கிட்டேன்.

பிரசிடென்சி காலேஜில் படிக்கும்போது தாவரவியல் பக்கம் இழுக்கப்பட்டார். அங்கே இருந்தவர் பேராசிரியர் ஃபைசன், நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் வளரும் செடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அவரும் அவர் மனைவியும் செடி தேடி நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் போகும்போது கிருஷ்ணனும் கூடவே போவார். வாட்டர்கலர் ஓவியத்தை அந்த அம்மாவிடம்தான் கத்துக்கிட்டார். இதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் போய் நின்னேன். எங்க மாடியில் இருந்து மேற்கே பார்த்தா தெரியுறது அதே பழனி மலைதான். அங்கே பெய்ற மழைதான் ஓடையா இறங்கி எங்க அணைக்கு வருது. இருபத்தொரு வருஷமா எனக்கு அது வாட்ஸ்அப் டி.பி.க்கு ஒரு பேக்கிரவுண்டு.

காலேஜ் முடிச்சு சட்டமும் படிச்சார். வக்கீல் தொழில் ஒட்டல. சின்னச் சின்ன வேலைகள் பார்த்தார். 1942-ல் பெல்லாரி பக்கம் இருந்த சண்டூர் என்ற குட்டி சமஸ்தானத்தில் வேலை கிடைச்சது. அங்கே வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவுக்கு அரசியல் செயலாளர்னு எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கார். மிச்ச நேரமெல்லாம் காடு. ஆடு மேய்ச்சுப் பார்த்தார். தபால் கொண்டு போகப் புறா வளர்த்துப் பார்த்தார். 1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைஞ்சதும் அந்த வாழ்க்கை முடிஞ்சது.

அப்போ அவருக்கு 37 வயசு, கல்யாணமும் ஆகியிருந்தது. ஒரு அரசாங்க வேலைக்குள் போய் உட்காராமல் மெட்ராஸுக்குத் திரும்பி, எழுதியும் படம் எடுத்துமே பிழைக்கிறதுன்னு முடிவு பண்ணினார். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்குச்சு. என் மெயிலில் ஒரு ஆஃபர் லெட்டர் இருக்கு. வீட்டில் லோன் இருக்கு. அவர் செஞ்சதைச் செய்ய எனக்கு தைரியம் இல்லை, செய்யப் போறதும் இல்லை. ஆனா மாசச் சம்பளம் இல்லாம ஒருத்தர் அப்படியே அம்பது வருஷத்துக்குப் பக்கம் ஓட்டியிருக்கார் என்பது மண்டையில் உட்கார்ந்துக்கிச்சு.

1950-ல் கல்கத்தாவில் இருந்து வந்த ஸ்டேட்ஸ்மன் பேப்பரில் கன்ட்ரி நோட்புக் என்ற பத்தியைத் தொடங்கினார். ரெண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரைன்னு 46 வருஷம். அதில் யானையும் புலியும் மட்டும் இல்லை. காக்கா, அணில், எருமை, கழுதைன்னு நாம திரும்பிக்கூடப் பார்க்காத உயிர்களுக்கும் அதே மரியாதையோடு பத்தி பத்தியா எழுதினார்.

கேமரா கதை நம்ம டிபார்ட்மெண்ட் ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்களைக் கழற்றி ஒண்ணாச் சேர்த்து அவரே ஒரு கேமரா கட்டினார். கனமான கனம், பார்க்கவும் அழகில்லை. அதுக்கு சூப்பர் பாண்டரோசான்னு கிண்டலா ஒரு பேர். அதைத் தூக்கிக்கிட்டு முதுமலையில் வளர்ப்பு யானை மேல் ஏறி உட்கார்ந்து, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கலர் வந்த பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடல. நான் போன் மாத்தணும்னு வீட்டில் நச்சரிச்சுக்கிட்டு இருந்தேன். இதைப் படிச்ச பிறகு ஒரு வாரம் அமைதியா இருந்தேன். ஒரு வாரம்தான்.

1968-ல் ஜவஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைச்சது. தென்னிந்தியாவை உள்ளடக்கிய தீபகற்பம் முழுக்க யானை, காட்டெருது, கடமான், புள்ளிமான், குரங்கு மாதிரி பெரிய பாலூட்டிகள் எந்த நிலையில் இருக்குன்னு காடு காடா அலைஞ்சு பார்த்து எழுதணும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அது தொடரா வந்து, 1975-ல் புத்தகமா ஆச்சு. ஒரு வகையில் இதுவும் ரோடு ட்ரிப்தான். ஆனா 1959-ல் இருந்து 1970 வரைக்கும் பார்த்ததெல்லாம் அந்தப் புத்தகத்தில் அடக்கம். ஒரே காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போறது அவர் பழக்கம். நாங்க ஒரு காட்டுக்கு ஒதுக்கியிருந்தது ஒரு நாளும் கொஞ்சமும்.

அவர் சுத்தின காலத்தில் நாட்டில் தேசியப் பூங்காக்கள் ரொம்பக் கம்மி. முதுமலை 1940-லேயே சரணாலயம் ஆயிடுச்சு, தேசியப் பூங்கா ஆனது 1990-ல்தான். சரணாலயம்னா மாடு மேய்க்க அனுமதி தரலாம், தேசியப் பூங்காவில் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் போட்ட கோடு இது. அடுத்த வருஷமே புலிகள் பாதுகாப்புத் திட்டம் வந்தபோது அதன் வழிகாட்டுக் குழுவில் கிருஷ்ணனும் இருந்தார். நகரத்துச் சாலைகளில் அழகுக்காக வெளிநாட்டு மரம் நடுறதையே அவர் எதிர்த்தார். இந்த மண்ணுக்கு இங்கே உள்ள மரமே போதும் என்பது அவர் கட்சி. குல்மொஹர் விஷயத்தில் கொஞ்சம் ஓவராத்தான் போறார்னு எனக்குத் தோணுச்சு. அப்புறம் முதுமலையில் உண்ணிச்செடி எவ்வளவு இடத்தைப் பிடிச்சிருக்குன்னு படிச்சப்போ வாயை மூடிக்கிட்டேன்.

பத்மஸ்ரீ வந்தது. ஐ.நா.வின் குளோபல் 500 கௌரவமும் வந்தது. 1996 பிப்ரவரி 18 அன்னைக்கு இறந்தார். அவருடைய கடைசிப் பத்தி ஸ்டேட்ஸ்மனில் அச்சாகி வந்ததும் அதே நாளில்தான்.

நான் இதையெல்லாம் கேங்கிடம் சொன்னேன். முழுசா யாரும் கேட்கல. ஆனா மறுபடியும் லிஸ்ட்டை எடுத்து உட்கார்ந்தோம். ஒன்பது இப்போ ரெண்டு ஆயிடுச்சு: ஆனைமலை, முதுமலை. ஒண்ணொண்ணுக்கும் அஞ்சு நாள், மிச்சம் ரெண்டு நாள் வழிக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் முதுமலை ரோட்டை மூடிடுவாங்க, அதனால பகல் டிரைவிங் மட்டும். கோடையில் தீ பயத்தால் சில வருஷம் காட்டையே மூடுறாங்க, அதனால முன்னாடியே போன் பண்ணிக் கேட்கிற வேலை என் தலையில். புலி வேணும்னவன் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கான்.

முதல் நாள் காலையில் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் எங்க ஊர் அணைக்கரையில் உட்காரணும்னு நான் ஒரு கண்டிஷன் போட்டிருக்கேன். நீர்க்காகம் இறக்கையை விரிச்சுக்கிட்டு வெயில் காயும். ஸ்கூல் படிக்கிற காலத்தில் இருந்து அதைத் தாண்டித்தான் போய்க்கிட்டு இருக்கேன், ஒரு தடவைகூட இறங்கிப் பார்த்ததில்லை.