காய்ச்சலுக்கு நெற்றியில் போடுற 'ஓடிகொலோன்'... யார் இந்த ஃபரீனா? பெயரைப் பறிகொடுத்த வியாபாரியின் கதை

காய்ச்சல் வந்தால் ஈரத்துணியில் நாலு சொட்டு ஓடிகொலோன் விட்டு நெற்றியில் போடுவது நம்ம வீடுகளில் பழைய வழக்கம். ஆனா அது மருந்தின் பெயரே கிடையாது. 'ஓ டி கொலோன்' என்றால் பிரெஞ்சில் கொலோன் நகரத்துத் தண்ணீர். கொலோன் இருப்பது ஜெர்மனியில். அந்தப் பெயரை வைத்தவரோ ஒரு இத்தாலிக்காரர்!

யார் அவர்?

ஜொவான்னி மரியா ஃபரீனா. 1685-ல் வட இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், சாந்தா மரியா மஜ்ஜோரே என்ற சின்ன ஊரில் பிறந்தார். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகிறவர்கள் அதிகம் உள்ள பகுதி அது. புகைபோக்கி சுத்தம் செய்யும் வேலைக்கு ஐரோப்பா முழுக்க ஆள் அனுப்பிய பள்ளத்தாக்கு.

ஃபரீனாவின் அண்ணன் 1709-ல் கொலோனில் கடை போட்டார். பட்டு, லேஸ், கைக்குட்டை என பணக்காரர்களுக்கான சாமான்கள். தம்பி 1714-ல் அந்த வியாபாரத்தில் சேர்ந்தார். கூடவே அவர் கொண்டுவந்தது ஒரு வாசனை.

அன்றைய ஐரோப்பாவில் வாசனைத் திரவியம் என்றால் கஸ்தூரி, புனுகு மாதிரி கனமான வாசனைகள்தான். ஃபரீனா செய்தது நேர் எதிரானது. மழை விட்ட பிறகு வரும் இத்தாலிய வசந்தகாலக் காலைப்பொழுதையும், ஆரஞ்சுப் பூ மணத்தையும் நினைவூட்டும் வாசனை ஒன்றைச் செய்திருப்பதாக 1708-லேயே அண்ணனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தன்னை ஏற்றுக்கொண்ட ஊருக்கு மரியாதையாக, அதற்கு கொலோன் பெயரையே வைத்தார்.

தோலில்தான் விஷயம் இருக்கு

ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பிழிந்தால் கண்ணில் தெறிக்குமே, அதேதான் இந்த எண்ணெய். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் பழங்களின் தோலில் குட்டிக் குட்டிப் பைகளில் இருக்கும். இதில் ராஜா பெர்கமோட். இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாதான் இதற்குப் பேர்போன இடம். (ஏர்ல் கிரே டீயில் வரும் மணமும் இதுதான்.)

அந்தக் காலத்தில் மெஷின் கிடையாது. பழத்தை இரண்டாக வெட்டி, உள்ளிருக்கும் சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தோலைக் கடற்பஞ்சில் வைத்து அழுத்துவார்கள். பஞ்சு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அந்தப் பஞ்சைப் பிழிய வேண்டும். சூடு காட்டினால் மணம் கெட்டுவிடும் என்பதால்தான் இவ்வளவு பாடு. ஒரு கிலோ பெர்கமோட் எண்ணெய்க்கு சுமார் 200 கிலோ பழம் தேவை. ஆரஞ்சுப் பூவுக்கு மட்டும் வேறு வழி: நீராவியில் வடிக்க வேண்டும்.

இதில் பெரிய தலைவலி என்னன்னா, பழத்தின் மணம் வருஷத்துக்கு வருஷம் மாறும். மழை கொஞ்சம் கூடினாலும் போச்சு. ஃபரீனாவின் உண்மையான சாமர்த்தியம் இங்கேதான். வெவ்வேறு அறுவடை எண்ணெய்களைக் கலந்து, சுத்தமான ஆல்கஹாலில் கரைத்து, போன முறை வந்த அதே வாசனையை அடுத்த முறையும் கொண்டுவந்தார். அளந்து பார்க்கக் கருவி ஏதும் இல்லை. மூக்கு ஒன்றுதான்!

அரண்மனைகள் வாடிக்கையாளர் ஆயின. பிரெஞ்சு மன்னர் 15-ஆம் லூயி, ஆஸ்திரியாவின் மரியா தெரசா ஆகியோருக்கெல்லாம் பார்சல் போனது. 1732-ல் அண்ணன் இறந்தபின் முழுப் பொறுப்பும் இவரிடம் வந்தது. ஃபார்முலாவை வெளியே சொல்லாமலே 1766-ல், 80 வயதில் கொலோனிலேயே காலமானார்.

(இதே பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஃபெமினிஸ் என்பவர்தான் முதலில் செய்தார் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனா வாசனையை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது ஃபரீனா வீடு என்பதில் பெரிய சண்டை இல்லை.)

பெயர் எப்படிப் போனது?

ஃபார்முலாவைப் பூட்டி வைக்கலாம், பெயரை எப்படிப் பூட்டுவது? அன்று ஜெர்மனியில் டிரேட்மார்க் சட்டமே இல்லை. கொலோன் முழுக்கப் போலிகள் முளைத்தன. 1803-ல் வில்ஹெல்ம் முல்ஹென்ஸ் என்ற வியாபாரி, இந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு 'ஃபரீனா'விடம் பணம் கொடுத்துப் பெயரை வாங்கினார். வாங்கியவர் சும்மா இருந்தாரா? அதை மற்றவர்களுக்கும் விற்றார்! கோர்ட், கேஸ் என்று பல வருஷம் இழுத்தது. கடைசியில் முல்ஹென்ஸ் குடும்பம் ஃபரீனா பெயரை விட்டுவிட்டு, தங்கள் வீட்டு நம்பரையே பிராண்ட் ஆக்கியது. இன்றும் கடைகளில் கிடைக்கும் '4711' அதுதான்.

இன்னொரு திருப்பம் நெப்போலியன் காலத்தில் வந்தது. மருந்து என்று விற்பவர்கள் அதன் செய்முறையை அரசிடம் சொல்ல வேண்டும் என்று 1810-ல் உத்தரவு போட்டார். அதுவரை குடிக்கவும் தேய்க்கவும் மருந்தாகவும் விற்கப்பட்டு வந்தது இந்தத் தண்ணீர். ரகசியத்தைக் காப்பாற்ற, இது வெறும் வாசனைதான் என்று தயாரிப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஃபரீனாவின் வாரிசுகள் இன்றும் கொலோனில் அதே தொழிலில் இருக்கிறார்கள். பழைய வீடு இப்போது வாசனை மியூசியம். போலிகளிடமிருந்து தனித்துக் காட்ட, கடை யூலிக்ஸ் சதுக்கத்துக்கு எதிரே இருந்ததால் 'எதிரில் உள்ள ஃபரீனா' என்று போட்டுக்கொண்டார்கள். பாட்டிலில் அந்த 'எதிரில்' இன்னும் இருக்கிறது. 'ஓ டி கொலோன்' என்ற பெயரை மட்டும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.