போர்த் பாலத்தைக் கட்டிய கொல்லன்

வில்லியம் அரோல் ஒன்பது வயதளவிலேயே நூல் ஆலை வேலைக்குப் போனவர். 1839 இல் ஸ்கொட்லாந்தின் ஹூஸ்டன் கிராமத்தில், ஓர் ஆலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பதின்மூன்று வயதில் கொல்லுப்பட்டறையில் சேர்ந்தார். இயந்திரவியல் படித்ததெல்லாம் இரவுப் பள்ளியில்தான். 1868 இல் கிளாஸ்கோவில் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

போர்த் கடல்முகத்தின் மேல் ஒரு தொங்குபாலம் கட்டும் ஒப்பந்தம் அவருக்கு முன்னரே கிடைத்திருந்தது. அதை வடிவமைத்தவர் தோமஸ் பௌச். ஆனால் 1879 டிசெம்பர் 28 இரவு, பௌச் கட்டிய ரே பாலம் புயலில் உடைந்து ரயிலோடு ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் தப்பவில்லை. தொங்குபாலத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே பௌச்சும் இறந்துபோனார்.

அதன்பின் ரே ஆற்றின் புதிய பாலம், போர்த் பாலம் இரண்டையும் ஒரே காலத்தில் கட்டும் பொறுப்பு அரோலிடம் வந்தது. ஒவ்வொரு வாரமும் கிளாஸ்கோ பட்டறைக்கும் இரண்டு பாலங்களுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார். றிவெற் அடிக்க நீரழுத்த இயந்திரங்களைத் தானே உருவாக்கினார். 53,000 தொன் உருக்கு, 65 இலட்சம் றிவெற்றுகள், 521 மீற்றர் நீளத்தில் இரண்டு பெரிய இடைவெளிகள். 1890 மார்ச் 4 இல் போர்த் பாலம் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே அரோலுக்கு 'சேர்' பட்டமும் கிடைத்தது.

உப்புக்காற்று உருக்கை விடாது. சிவப்பு ஈயமும் இரும்பு ஒக்சைட்டும் கலந்த பெயின்ற்றின் கீழும் கறள் ஏறும். அதனால் கறள் சுரண்டிப் பெயின்ற் அடிக்கவென்றே பல தசாப்தங்களாக ஒரு கூட்டம் பாலத்தில் வேலை செய்தது. முடிவே இல்லாத வேலையை 'போர்த் பாலத்துக்குப் பெயின்ற் அடிப்பது' என்று பிரித்தானியாவில் சொல்வார்கள். உண்மையில் அவர்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கியவர்கள் அல்லர். கறள் மோசமான இடம் பார்த்தே போனார்கள். 1990களில் பராமரிப்புக் குறைந்து கறள் வெளியே தெரிந்தபோது கடும் விமர்சனம் எழுந்தது. 2002 இலிருந்து 2011 வரை பழைய பூச்சை வெறும் உருக்குவரை உரித்து, கண்ணாடிச் செதில் கலந்த எபொக்சியை மூன்று படையாகப் பூசினார்கள். கடலின் எண்ணெய் மேடைகளுக்காக உருவான பூச்சு அது. இருபத்தைந்து ஆண்டுகள் தாங்கும் என்கிறார்கள்.

அரோல் 1895 இல் நாடாளுமன்றம் போனார், 1913 இல் இறந்தார். பாலம் கட்டும்போது செத்த தொழிலாளர்கள் 57 பேர் என்பதுதான் அவர் காலத்துக் கணக்கு. நூறாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு, உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் மரணப் பதிவுகளையும் பழைய பத்திரிகைகளையும் கிளறி 73 பேரைக் கண்டுபிடித்தனர். 2012 இல் இரு கரைகளிலும் நினைவுச் சின்னங்கள் எழுந்தன. இறந்தவர்களில் ஒருவன் 13 வயதுப் பையன். அரோல் கொல்லுப்பட்டறைக்குப் போன அதே வயது.