ஊர் ஊராய்ப் படம் சுமந்த ஜான் ஆபிரகாம்

எங்கள் மகாராஜபுரத்திற்கு மேற்கே நிற்கும் மலைக்கு அப்பால் கேரளம். அந்த மண்ணில் பிறந்து, தமிழுக்கும் ஓர் அரிய திரைப்படத்தைத் தந்து மறைந்த ஜான் ஆபிரகாமை நம் மாணவ நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறேன்.

1937-இல் பிறந்த அவர், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் பார்த்துவந்த வேலையை உதறிவிட்டுப் பூனா திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வங்க இயக்குநர் ரித்விக் கட்டக் அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

1977-இல் ‘அக்ரகாரத்தில் கழுதை’ என்னும் தமிழ்ப்படத்தை இயக்கினார். திரைக்கதை வெங்கட் சாமிநாதன். தாயிழந்த கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியராக இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் நடித்தார். ஊரார் அக்கழுதையைக் கொன்றுவிட்டு, பின்னர் அதற்கே கோயில் கட்ட முனைகிறார்கள். கல்லூரியில் பேராசிரியர் கேலிக்கு ஆளாகும் காட்சியில் நானும் சிரித்தேன். படம் முடிந்தபோது அந்தச் சிரிப்பை நினைத்து வெட்கப்பட்டேன். சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது, திரையரங்குகள்தாம் கிடைக்கவில்லை.

ஜான் சோர்ந்துவிடவில்லை. 1984-இல் நண்பர்களுடன் கோழிக்கோட்டில் ‘ஒடேசா’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அன்று திரையரங்குகளில் ஓடியது 35 மி.மீ. அகலப் படச்சுருள். 16 மி.மீ. சுருளோ சிறியது, அதை ஓட்டும் கருவியை ஒருவரே தூக்கிச் செல்லலாம். ஒரு வெள்ளைத் துணியும் மின்சாரமும் இருந்தால் கோயில் திடலும் கொட்டகையாகிவிடும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அத்தகைய இரவுகளைப் பற்றிச் சொல்லி மகிழ்வதுண்டு. ஒடேசா நண்பர்கள் ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைக் காட்டி, மக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். அப்பணத்தில் உருவானதே 1986-இல் வந்த ‘அம்ம அறியான்’.

இறந்துபோன ஓர் இளைஞனின் தாய்க்குச் செய்தி சொல்ல ஒருவன் வயநாட்டிலிருந்து கொச்சிக்குப் புறப்படுகிறான். வழிநெடுக நண்பர்கள் சேர்ந்துகொண்டே வருகிறார்கள். படத்திற்குப் பணம் சேர்ந்ததும் அப்படித்தானே! எளிதில் விளங்கும் படமன்று அது. முதல் முறை பார்த்தபோது எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் காசு கொடுத்த பாமர மக்களுக்கு இது போதும் என்று அவர் தரத்தைக் குறைக்கவில்லை. அவர்களால் இதையும் உணர முடியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையையே நான் அவருடைய பெருமையாகக் கருதுகிறேன்.

1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்திலிருந்து விழுந்து இறந்தார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. அவர் விட்டுச்சென்ற முழுநீளப் படங்கள் நான்கே. நம் கல்லூரியில் ஒரு மாலை, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அவற்றுள் ஒன்றையேனும் நாம் கூடிப் பார்க்கலாகாதா?