குண்டை விடக் கொடியது!

ஆன்னா பிராய்டு, 1895-ம் ஆண்டு வியன்னா நகரில் பிறந்தார். மனோதத்துவ மேதை சிக்மண்ட் பிராய்டின் கடைசி மகள். சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தார்.

1938-ல் ஆஸ்திரியாவை ஹிட்லர் பிடித்தான். ஆன்னா, தந்தையுடன் லண்டனுக்குத் தப்பி வந்தார்.

அங்கும் யுத்தம் வந்தது. வீடிழந்த குழந்தைகளுக்காக, 1941-ல் தோழி டாரத்தி பர்லிங்காமுடன் ஹாம்ஸ்டெட் பகுதியில் காப்பகம் தொடங்கினார்.

அப்போது ஓர் உண்மை தெரிந்தது. தாய் பக்கத்தில் இருந்தால், குண்டுச் சத்தத்தைக்கூடக் குழந்தை தாங்கிக்கொள்கிறது. தாயைப் பிரிந்தால்தான் ஏங்கிப்போகிறது!

அதற்கேற்ப காப்பகத்தை நடத்தினார். தாய்மார் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். குழந்தைகள் சிறு சிறு குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தாய்போல ஒரு பணிப்பெண்.

1952-ல் குழந்தைகள் மனநல மருத்துவ நிலையம் திறந்தார். 1982-ல் காலமானார். அவர் மணம் புரியவில்லை. அவர் பெயர் தாங்கிய அந்த நிலையம், இன்றும் லண்டனில் குழந்தைகளின் மனப்புண்ணை ஆற்றி வருகிறது.