மண் வளர்த்த மல்லர்

ஒரு கலையோ தொழில்நுட்பமோ பிறந்த இடத்தைவிட்டுப் பெயரும்போது அப்படியே பெயர்வதில்லை. புகுந்த இடத்தின் மண் அதை மாற்றிவிடுகிறது. இதற்குக் கண்முன் உள்ள சான்று நெய்வேலி. பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத இயந்திரங்களின் பற்கள் இங்குள்ள கடினமான மணற்பாறையில் மோதித் தேய்ந்தன. பற்களின் வடிவம் மாற்றப்பட்டது. வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திய பின்னர் தோண்டும் முறை வந்தது. நிலக்கரிப் படுகைக்குக் கீழிருந்து அழுத்தும் ஊற்றுநீரை இரவுபகலாக இறைத்துக்கொண்டே சுரங்கம் நடத்துவதும் இந்த நிலம் கற்பித்த பாடமே.

மற்போரும் அவ்வாறே. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்திய மல்லன், புறநானூற்றில் ஆமூர் மல்லன் என்றே அறியப்படுகிறான். மல்லனின் பெயரோடு அவன் பயின்ற ஊரும் சேர்ந்தே நிற்கிறது. நவீன காலத்தில் இந்த உண்மையை உலகறியச் செய்த வாழ்க்கை, மாவீரர் காமாவினுடையது.

குலாம் முகமது என்ற இயற்பெயர் கொண்ட காமா, 1878-இல் அமிர்தசரஸ் அருகே மல்லர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரை உறவினர்கள் வளர்த்துப் பயிற்றுவித்தனர். 1888-இல் ஜோத்பூரில் நூற்றுக்கணக்கான மல்லர்கள் கலந்துகொண்ட பஸ்கிப் போட்டியில், இறுதிவரை தளராமல் நின்ற சிலருள் பத்து வயதுச் சிறுவனான காமாவும் ஒருவர். பின்னர் ததியா சமஸ்தானத்தின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது.

அவரை உருவாக்கிய களம் அகாடா எனப்படும் மண் கோதா. மோரும் எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய மண்ணை மல்லர்களே நாள்தோறும் கொத்திப் புரட்டுவார்கள். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவையே உடற்பயிற்சி. காலை இழுக்கும் மண்ணில் நின்று எதிராளியைத் தூக்கி எறிய வேண்டுமானால் தொடையிலும் இடுப்பிலும் பெருவலிமை வேண்டும். நடுத்தர உயரமே கொண்ட காமா, ஏறத்தாழ ஏழடி உயரம் கொண்ட ரஹீம் பக்ஷுக்கு ஈடுகொடுத்து நின்றது இந்தப் பயிற்சியின் பலத்தில்தான்.

1910-இல் காமா லண்டன் சென்றார். உயரம் போதாதென்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். அவர் பகிரங்கமாக அறைகூவல் விடுத்தார். அமெரிக்க மல்லரான மருத்துவர் ரோலரை வீழ்த்திய பிறகு, செப்டம்பர் 10 அன்று போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவைச் சந்தித்தார். ஆட்டம் தொடங்கியதுமே கீழே விழுத்தப்பட்ட ஸ்பிஸ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பெரும்பாலும் தரைவிரிப்பை ஒட்டியே கிடந்து தற்காத்துக்கொண்டார். காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை. ஆட்டம் முடிவின்றி நின்றது. மறுவாரம் ஸ்பிஸ்கோ களத்துக்கு வராததால் காமா வென்றதாக அறிவிக்கப்பட்டார்.

அதைக் கோழைத்தனம் என்று பலர் எள்ளினர். ஆயினும், தரையோடு ஒன்றிக் கிடந்து தோள்களைக் காப்பது ஐரோப்பிய விரிப்பில் வளர்ந்தவரின் கல்வி. நின்று எறிவது மண்ணில் வளர்ந்தவரின் கல்வி. அன்று மோதியவை இரண்டு பயிற்சிக் களங்கள். 1928-இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். இம்முறை களம் இந்தியாவில். ஐம்பதை நெருங்கிய காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றார்.

காமா பிறந்த அதே 1878-இல் ஜப்பானின் வடபகுதியில் பிறந்தவர் மிட்சுயோ மயேதா. டோக்கியோவின் கோடோகானில் ஜூடோ பயின்ற அவர், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலவகை மல்லர்களோடு பொருதிய பின், பிரேசிலின் பெலேம் நகரில் குடியேறினார். அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பியரும் தரைப்பிடிகளை முதன்மையாக்கிக் கலையை வளர்த்தெடுத்தனர். இன்று உலகெங்கும் பயிலப்படும் பிரேசில் ஜியு-ஜிட்சு அதன் விளைவு. காமா வென்று திரும்பிவிட்டார். மயேதா தங்கிக் கற்பித்தார். லண்டன் விரிப்பின் பாடம் அகாடாவுக்குள் நுழையாமலே போனது. அதற்கான விலையை நாம் பின்னர் கொடுத்தோம். மண்ணில் பயின்ற கே.டி. ஜாதவ் 1948 லண்டன் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாக விரிப்பில் இறங்கி ஆறாம் இடம் பெற்றார். அதற்குப் பழகிய பிறகே 1952-இல் ஹெல்சிங்கியில் வெண்கலம் வென்றார்.

காமாவின் இறுதிக்காலம் துயரமானது. 1947 பிரிவினைக் கலவரத்தின்போது லாகூரில் தம் இந்து அண்டைவீட்டாரைக் காத்து நின்றவர் அவர். சமஸ்தானங்கள் மறைந்ததும் மல்லர்களைப் புரந்த கைகளும் மறைந்தன. நோயும் வறுமையும் சூழ, 1960 மே மாதம் லாகூரில் மறைந்தார்.

இதில் நமக்கான செய்தி உள்ளது. களம் இல்லையேல் கலை இல்லை. புரப்போர் இல்லையேல் களம் இல்லை. பிற களங்களோடு உரசாத களம் தேங்கிவிடும். அன்று சமஸ்தானங்கள் செய்ததை இன்று செய்யக்கூடியவை நெய்வேலி போன்ற பொதுத்துறை நகரியங்கள். பல மாவட்டங்களையும் மாநிலங்களையும் சேர்ந்த குடும்பங்கள் ஒரே இடத்தில் வாழும் ஊர்கள் இவை. இங்கு விரிப்பு அரங்கின் பக்கத்தில் ஒரு மண் கோதாவும் அமையட்டும். சிலம்பம் பயிலும் பிள்ளையும் ஜூடோ பயிலும் பிள்ளையும் ஒருவர் களத்தில் மற்றவர் இறங்கிப் பழகட்டும். அயல்நாட்டு இயந்திரத்தின் பற்களையே மாற்றிய மண், நம் பிள்ளைகளுக்கும் ஒரு புதிய பிடியைக் கற்றுத்தரும்.