காவிரித் தண்ணீரும் ராணி மங்கம்மாளும்



அம்மா மண்டபம் படித்துறையில் ஒரு முழுக்காவது போடாதவர் நம்மில் இருக்க மாட்டார். கட்டணம் இல்லாமல் ஊருக்கே பொதுவான குளியலிடம் அது. ஆனால் படிக்கட்டு மட்டும் இருந்தால் போதுமா? ஆற்றில் தண்ணீர் வர வேண்டுமே! சுமார் 320 வருஷங்களுக்கு முன் மேற்கே காவிரியை மறித்தபோது, திருச்சியிலிருந்து ஆட்சி செய்தவர் ராணி மங்கம்மாள். அவர் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதரின் மனைவி இவர். 1682-ல் கணவர் காலமானார். மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் இளம்வயதுக்காரர். அவரை விட்டுவிட்டு மங்கம்மாள் உடன்கட்டை ஏறவில்லை. அந்த மகனும் 1689-ல் பெரியம்மையில் போய்விட்டார். அப்போது கர்ப்பமாயிருந்த மருமகள், பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுச் சில நாட்களில் இறந்தார். கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் கட்டி, பாட்டி ராஜ்யப் பொறுப்பை ஏற்றார். அந்த வீட்டில் அழுவதற்குக்கூட அவருக்கு நேரம் இருந்திருக்காது.

டில்லிப் படை தெற்கே வந்தபோது, மோதாமல் கப்பம் கட்டினார். வங்கியில் வரவு செலவு பார்த்தே காலம் தள்ளிய எனக்கு அது கோழைத்தனமாகத் தெரியவில்லை. போர்ச் செலவைவிடக் கப்பம் குறைவுதானே!

சாலைகள், நிழல் மரங்கள், கிணறுகள், தண்ணீர்ப் பந்தல்கள், சத்திரங்கள் என்று அவர் செய்த தர்மங்கள் ஏராளம். அந்தக் காலத்தில் கால்நடையாக வருகிறவருக்குச் சோற்றுக்கு முன்னால் வேண்டியது கைகால் கழுவ, குளிக்கத் தண்ணீர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இனி காவிரிக்கு வருவோம். 1700-ஐ ஒட்டி, மைசூர் மன்னர் சிக்கதேவராயர் ஆற்றின் குறுக்கே அணை போட்டார். திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் தண்ணீர் வரத்து நின்றது. தஞ்சை மராட்டிய மன்னர் சகஜியோடு மங்கம்மாளுக்கு அதற்குமுன் சண்டை நடந்திருந்தது. ஆனாலும் தண்ணீருக்காக இருவரும் பகையை ஒதுக்கி, சேர்ந்து படையெடுக்கத் தயாரானார்கள். அதற்குள் மேற்கே பெருமழை பெய்து அணை உடைந்தது. காவிரி மறுபடி வந்தது, படையெடுப்பும் தேவைப்படவில்லை.

1706-ஐ ஒட்டி அவர் ஆட்சி முடிந்தது. கடைசி நாட்களில் சிறையில் பட்டினியாகக் கிடந்து இறந்தார் என்று ஒரு சோகக் கதை இன்றும் சொல்லப்படுகிறது. மலைக்கோட்டை அருகே அவர் பெயர் தாங்கிய மகாலில்தான் இப்போது அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பேரன் பேத்திகளை ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

அடுத்த ஆடிப் பெருக்குக்குப் படித்துறைக்குப் போகும்போது பழைய துணி, பிளாஸ்டிக் பை எதையும் ஆற்றில் விடாதீர்கள். பகையாளியோடு கைகோத்தாவது ஒரு ராணி மீட்கப் புறப்பட்ட தண்ணீர் அது. அதை அழுக்காக்காமல் இருப்பது நம்மால் முடிகிற காரியம்தானே?